தேர் நாளின் தனி லைன்

“தனி லைன்னா என்னங்க மாமா? ஊட்டுக்கு வர்ற லைனும் அதுவும் ஒரே கண்ணாடி நூல்தானே?”

“நூலு ஒண்ணுதான் அம்மிணி. ஊட்டுக்கு வர்றது பொது லைன். ஒரே நூலை முப்பது ஊட்டுக்குப் பிரிச்சு உட்டிருக்கறேன். காத்தால எல்லாரும் காட்டுக்குப் போயிருக்கறப்ப நீ மட்டும் போனைத் தொறந்தா பிச்சுக்கிட்டு வரும். பொழுதோட முப்பது ஊட்டுலயும் படம் பாக்க உக்காந்துட்டாங்கன்னா சுத்திக்கிட்டே நிக்கும். தனி லைன் அப்பிடியில்ல. நீ தொட்டாலும் தொடாட்டியும் அது உன்றதுதான். வர்ற வேகந்தான் போற வேகமும். அந்து போச்சுன்னா நாலு மணி நேரத்துக்குள்ள வந்து ஒட்டித் தரோணும். இல்லாட்டி மேல் கம்பெனிக்காரன் என்ற கழுத்தப் புடிப்பான்.”

“அப்ப நம்ம கெணத்து முறை மாதிரிங்களா?”

“பாத்தியா, சேலத்துக்காரி கப்புனு புடிச்சுட்ட. பொது லைன் ஊருக் கொழாய். தனி லைன் கெணத்து முறை. புதங்கெழமை நம்மளுதுன்னா அன்னைக்கு வேற ஒருத்தன் மோட்டாரத் தொடக்கூடாது.”

“கேட்டா மாத்திக் குடுத்துக்கறாங்களே?”

“பங்காளிக்குள்ள அதுகூட இல்லாட்டி எப்பிடி அம்மிணி” என்று சிரித்தார் கண்ணுசாமி.

கோழி ஷெட்டின் வாசலில் ஏணிமேல் நின்று வயரை இழுத்துக் கட்டிக்கொண்டே அவர் அன்று சொன்னது, குழியின் ஓரத்தில் நின்றிருந்த ஜோதிக்கு இப்போது ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப வந்தது. ஏணியை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஷெட் புதிது. சுண்ணாம்பு வாசனைகூடப் போகாத சுவர். கண்ணுசாமி அவள் கணவன் மாதேஷின் அண்ணன். அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கேபிளும் இன்டர்நெட்டும் அவர் கைவழியாகத்தான் போகும்.

மல்லசமுத்திரத்திலிருந்து மேற்கே பிரியும் மண்பாதையில், கரட்டுக் குன்றுக்குப் பின்னால் பள்ளமான இடத்தில் இருந்தது, காடு என்று அவர்கள் சொல்லும் அவர்கள் நிலம். அங்கே எந்த போனிலும் டவர் எடுக்காது. ஷெட் நாலு பக்கமும் திரை அடைத்த ஷெட். ஒரு கோடியில் தண்ணீர் ஊறும் அட்டைச் சுவர், மறுகோடியில் ஆள் உயர மின்விசிறிகள். விசிறி ஓடும்வரை உள்ளே மார்கழிக் காற்று. கத்திரி வெயிலில் விசிறி நின்றால், அரை மணி நேரத்தில் அது அடுப்பு. அதனால்தான் குஞ்சு கொடுக்கும் கம்பெனி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டது. சூடு ஏறினால் போனுக்குச் செய்தி வரவேண்டும். அதற்கு, கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடிச் சூடு பார்க்கும் பெட்டியும் தனி லைனும் வேண்டும். அவை இல்லையென்றால் குஞ்சு கிடையாது.

இப்போது அந்தக் குழிக்குள் ஜேசிபி செத்த கோழிகளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

நேற்று மாரியாயி நோம்பி, ஊர்த் திருவிழா. தேர். முப்பத்தைந்து நாள் வளர்த்து, இன்னும் நாலைந்து நாளில் லாரி வந்து ஏற்றிப்போக வேண்டிய கோழிகள். ஒரு நடுப்பகலில் எல்லாம் போய்விட்டன.

“ஏப்பா பொன்னா” என்று ஜேசிபிக்காரன் மேலிருந்து குரல் கொடுத்தான். “நேத்தே சொல்லியிருந்தா நோம்பிக்கு வந்த ஒறம்பரை சனத்துக்கெல்லாம் கறியாப் போட்டிருக்கலாமல்லோ. ஊரே உண்டிருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. துண்டை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு மறுபடி கியரைப் போட்டான்.

பொன்னனும் அவன் மனைவி சென்னம்மாளும் ஷெட்டிலேயே தங்கி வேலை பார்ப்பவர்கள். பொன்னன் தீவனச் சாக்கில் கோழிகளை அள்ளி வந்து கொட்டிக்கொண்டிருந்தான். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. நேற்று காற்று உள்ளே வரட்டும் என்று திரைச்சீலையை அரிவாளால் கிழித்தபோது, கிழியாத இடத்தைக் கையாலேயே பிய்த்ததில் கம்பி அறுத்த காயம். சென்னம்மாள் ஒவ்வொரு சாக்குக்கும் மேலே சுண்ணாம்பு தூவினாள்.

ஜோதி தூக்குப் போசியைத் திறந்தாள். “ரண்டு பேரும் வந்து ஒரு வாய் உண்ணுங்க. நேத்துலருந்து ஒண்ணும் உங்கலையாமா.”

“கையெல்லாம் சுண்ணாம்பு சாமி” என்றாள் சென்னம்மாள்.

“நான் ஊத்தறேன், கழுவுங்க.”

பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும். வேலி நிழலில் உட்கார்ந்தார்கள். காலை பத்து மணிக்கே தரை சுட்டது. பொன்னன் சோற்றில் கைவைத்துவிட்டு அப்படியே இருந்தான்.

“இப்பிடித்தானுங்க நேத்தும் உக்காந்திருந்தேன்” என்றான். “தேரு வருதுன்னு ஈ.பி.காரங்க கரண்ட நிப்பாட்டுனாங்க. ஜெனரேட்டரு தானா எடுத்துக்கிச்சு. அது ஓடுன சத்தத்துலதான் சோத்தப் போட்டு உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுது. கரண்டு வந்துருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். எப்பவும் அப்பிடித்தானுங்களே. இது நின்னா அது வந்துருக்கும்.”

“அது சூடேறி நின்னுபோச்சுங்க” என்றாள் ஜோதி.

“எனக்கு என்னங்க தெரியும். சோத்த உண்டு, வட்டலக் கழுவி வெச்சு, சித்த சாஞ்சேன். பொறவுதான் இவ வந்து, என்னங்க ஃபேன் சத்தத்தையே காணமுங்கறா. ஓடிப்போய்க் கதவத் தொறந்தா…”

சென்னம்மாள் தொடர்ந்தாள். “காலு வெக்க எடமில்ல சாமி. எல்லாம் ஃபேன் பக்கம் பாத்து ஓடிப்போயி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குது. வாயப் பொளந்துக்கிட்டு. சத்தமே இல்ல. இத்தன கோழி இருக்கற எடத்துல சத்தமே இல்லாம நான் பாத்ததில்ல.”

“வாசல்ல இருந்த சைரனாச்சும் கத்தியிருந்தா எந்திரிச்சிருப்பேன். அது வயர எலி கடிச்சு மாசமாச்சு. சொன்னேன். போன்ல வருதல்லோ, பாத்துக்கலாம்னாரு மாதேசுத் தம்பி.” பொன்னன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “ஏனுங்க, போன்ல செய்தி வரலீங்களா உங்களுக்கு?”

ஜோதி மோரை அவன் வட்டிலில் ஊற்றினாள்.

வந்தது. எல்லாம் வந்தது. நேற்று மாலை, ஆள் ஓடிவந்து சொல்லக் கேட்டு அவளும் மாதேஷும் தேர்வீதியிலிருந்து ஓடிவந்து ஷெட் வாசலில் நின்ற பிறகு வந்தது. மாதேஷ் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் ஷெட்டு லைன் திரும்ப வந்தது. அவன் சட்டைப் பையிலிருந்த போன், அதைப் பிடித்ததும், ஒலிக்கத் தொடங்கியது. சூடு அதிகம். சூடு அதிகம். சூடு அதிகம். மதியம் முழுக்க அந்தப் பெட்டி அனுப்பப் பார்த்து, போக வழியில்லாமல் வைத்துக்கொண்டிருந்த அத்தனையும், ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் வந்தது. மாதேஷ் போனை எடுத்து அணைக்கவில்லை. அது தானாக ஓயும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

லைன் எங்கே போயிருந்தது என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தேர் நிற்கும் தேர்முட்டிப் பக்கத்தில் கண்ணுசாமி பந்தல் போட்டு, மூன்று காமிராக்கள் வைத்து, தேரோட்டத்தை நேரலையாக விட்டுக்கொண்டிருந்ததை அவளே பார்த்திருந்தாள். ஊர்ப் பையன்களில் பாதிப்பேர் ரிக் வண்டியில் சட்டீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் போர்வெல் போட்டுக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் அங்கிருந்தே கும்பிட்டார்கள். படம் தண்ணீர்போல ஓடியது. பொது லைனில் அப்படி ஓடாது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. மாவிளக்குத் தட்டோடு நின்று, தேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துச்சுங்க” என்றாள் பொன்னனிடம். “நேரங்கழிச்சு வந்துச்சு.”

அவன் தலையை ஆட்டினான். சோற்றைப் பிசைந்தான்.

வீடு அரைக் கிலோமீட்டர் தள்ளி, மேட்டில். ஒரே களத்தைச் சுற்றி இரண்டு வீடுகள். பெரியது கண்ணுசாமியுடையது. ஜோதி திரும்பி வந்தபோது மாதேஷ் உள் அறைக் கட்டிலில் அதே சட்டையோடு உட்கார்ந்திருந்தான். நோம்பிக்கு அவள் எடுத்துக்கொடுத்த சட்டை. இடுப்புப் பக்கம் கோழி எச்சம் காய்ந்திருந்தது. நேற்று ஆக்கிய கறிக்குழம்பு அடுப்பில் அப்படியே புளித்துக்கொண்டிருந்தது.

“சட்டையக் கழட்டிக் குடுங்க.”

கழற்றிக் கொடுத்தான். அவன் முதுகில் வேர்க்குரு சிவந்திருந்தது. ஈரத்துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டாள். கல்யாணமான புதிதில், குளித்துவிட்டு வந்து குழந்தைபோல முதுகைக் காட்டி நிற்பான். அந்த முதுகு கொஞ்சமும் மாறவில்லை. அதனாலேயே அவளுக்குக் கோபம் கூடியது.

“மத்தியானம் குஞ்சுக் கம்பெனி மேனேஜர் வர்றாராமா. சூப்பர்வைசர் கூப்புட்டாரு.”

“தெரியும்.”

“லைன் ஏன் நின்னுதுன்னு கேப்பாங்க. எத்தன மணிக்கு நின்னுது, எத்தன மணிக்கு வந்துதுன்னு அவிங்க ஆபீசுலயே இருக்குமாமா.”

“தெரியும் ஜோதி.”

“அப்ப உங்க அண்ணங்கிட்டக் கேட்டீங்களா?”

“என்ன கேக்கறது?”

“சொல்லாம கொள்ளாம நம்ம லைன எப்பிடிப் புடுங்கலாம்னு.”

மாதேஷ் கட்டில் சட்டத்தை நகத்தால் சுரண்டினான். வெளியே ஜேசிபியின் இரைச்சல் வந்து வந்து போயிற்று.

“சொல்லாம புடுங்கல” என்றான்.

ஜோதி கையிலிருந்த துண்டை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

“காத்தால தேர்முட்டிகிட்ட நின்னப்பக் கேட்டாரு. பொது லைன்ல படம் நின்னு நின்னு போகுது, வண்டிப் பசங்கெல்லாம் போன் போட்டு வையறாங்க, ஒரு ரண்டு மணி நேரம் உன்ற முறையக் குடுடான்னாரு.”

“முறைன்னாரா?”

“அப்பிடித்தான் சொன்னாரு.”

“நீங்க?”

“சரிங்கண்ணான்னேன்.”

அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே. நான் போயி ஷெட்டுல உக்காந்திருப்பேன். தேரு பாக்காட்டி எனக்கென்ன. எங்க சூரமங்கலத்துல பாக்காத தேரா.”

“தட்டத்தோட நின்னுக்கிட்டிருந்த. புதுச்சீல. நோம்பி நாளும் அதுமா உன்னய எதுக்கு அந்த வெயில்ல அனுப்பறதுன்னு…”

“பொன்னங்கிட்டயாச்சும்?”

“அங்க போன் எடுக்காதல்லோ. ஒரு எட்டுப் போயிச் சொல்லியிருக்கோணும். ரண்டு மணி நேரந்தானேன்னு உட்டுட்டேன்.”

“வாழைக்கு ஒரு முறை தள்ளிப் பாஞ்சா வாடி நிக்கும், மறுநா நிமுந்துக்கும். கோழிக்கு முறை மாத்த முடியுமாங்க?”

“முடியாது.”

“தெரிஞ்சுதான் சரின்னீங்களா?”

“அவரு கேட்டாரு ஜோதி” என்றான் மாதேஷ். அது பதில் என்பதுபோலச் சொன்னான். “அப்பன் செத்தப்ப எனக்கு ஏழு வயசு. அவரு பள்ளிக்கோடத்த உட்டுப்போட்டு ரிக்கு வண்டில ஏறுனாரு. கை வெரலு ஒண்ணு அந்த ரிக்குக் கொழாய்லதான் போச்சு. நான் டிப்ளமா படிச்சது அந்தக் காசுல. அவரு வாயத் தொறந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?”

ஜோதிக்கு இது புதிதல்ல. இந்தப் பதிலோடுதான் அவள் ஒன்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள். கல்யாணமான வருடம் அவள் பி.எட். சேர இடம் கிடைத்தது; அண்ணன், ஊட்டுல ஆள் இல்ல, அடுத்த வருசம் பாத்துக்கலாம் என்றார்; சரிங்கண்ணா. இரண்டு பேருமாய் ஆசைப்பட்டுக் கட்டிய மேற்கு அறை கேபிள் பெட்டிகளுக்குப் போனது, சரிங்கண்ணா. பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்ப வைத்த நாள், அண்ணனின் கரும்பு வெட்டுக்காகத் தள்ளிப்போய், கடைசியில் வலியோடு பேருந்தில் ஏறினாள். அந்தக் குழந்தை தங்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அவளும் நம்பினாள்.

ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒன்றைக் கேட்கவேண்டும் என்று இருந்தது. ஒரு வரிதான். இரவில் அவன் அவள் கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு தூங்கும்போதுகூட அது வாய்வரை வரும். ஆனால் கேட்டுவிட்டால், ஊட்டப் பிரிக்க வந்தவ என்று ஒரு பேச்சு வரும். கண்ணுசாமியும் கெட்டவரில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் திருச்செங்கோடுவரை வண்டியோட்டி மருந்து வாங்கி வருபவர். அப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு அதை எப்படிக் கேட்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

களத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

“மாதேசு, உள்ளயா இருக்கற?”

கண்ணுசாமி வாசலில் நின்றார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. ஒரே நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. மாதேஷ் எழுந்து நின்றான். ஜோதி நாற்காலியை இழுத்துப்போட்டாள். அவர் அதில் உட்காராமல் கட்டிலில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, அவனையும் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“உண்டானா அம்மிணி?”

“இல்லீங்க மாமா.”

“உண்ணுடா சாமி. கோழி போனாப் போகுது. நீ படுத்துட்டா ஆகுமா.” பிடித்த கையை விடவில்லை. “ரண்டு மணி நேரம்னு கேட்டேன். தேரு மேக்கால மூலைல, தரை சுடுதுன்னு தண்ணி ஊத்துன சேத்துல எறங்கிப்போச்சு. கழட்டி மாத்திரலாம்னு எந்திரிச்சேன். வண்டிப் பசங்க, அண்ணா நிப்பாட்டாதீங்கங்கறானுங்க. சித்த நேரம் சித்த நேரம்னு உட்டுட்டேன். தப்பு என்றதுதான்.”

“உடுங்கண்ணா” என்றான் மாதேஷ்.

“உட முடியாதல்லோ. மேனேஜர் வந்து கேப்பான். தனி லைன வேற பக்கம் திருப்புனோம்னு தெரிஞ்சா உனக்குக் குஞ்சு நின்னுபோகும். அதோட போகாது. என்ற மேல் கம்பெனிக்கு எழுதுவான். எழுதுனான்னா ஏரியாவப் புடுங்கி வேற ஆளுகிட்டக் குடுத்துருவாங்க. ரண்டு குடும்பமும் தெருவுல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ராத்திரியெல்லாம் ரோசன பண்ணுனேன். ஒரே வழிதான் இருக்குது.”

“சொல்லுங்கண்ணா.”

“அந்த லைன் பொட்டி எங்க இருக்குது? ஷெட்டு வாசல்ல. அதுக்குப் பக்கத்துல எப்பவும் யாரு இருக்கறது? பொன்னன். போனுக்குச் சார்ஜ் போடறதுக்கு அவன் பொட்டியோட பிளக்கப் புடுங்கிப்போட்டான், மறந்துட்டான், தூங்கிப்போனான். அவ்வளவுதான். இல்லைன்னு யாரு சொல்லப் போறா? ஆள மாத்தச் சொல்லுவாங்க, மாத்தீருவம். அடுத்த குஞ்சு எறங்கீரும்.”

“அங்க டவரே எடுக்காதுங்க மாமா” என்றாள் ஜோதி. “அவுரு அங்க போனே வெச்சுக்கறதில்ல.”

“பாட்டுக் கேக்க வெச்சிருப்பான் அம்மிணி. அதெல்லாம் மேனேஜர் நோண்டமாட்டான். அவனுக்கும் ஒரு காரணம் வேணும்.”

“அப்பறம் அவிங்களுக்கு எந்த ஷெட்டுல வேல குடுப்பாங்க? பத்தாயிரங் கோழியக் கொன்னவன்னு ராசிபுரம் வரைக்கும் பேசுவாங்களே.”

“கொஞ்ச நாளைக்குப் பேசுவாங்க. கூலிக்காரன், எங்கயும் பொழச்சுக்குவான். நான் பாத்துக்கறேன், உட்டுரமாட்டேன்.” கண்ணுசாமி உண்மையாகவே சொன்னார். “எனக்கு மட்டும் ஆசையா அம்மிணி? வேற வழி நீ சொல்லு, செய்யறேன்.”

ஜன்னல் வழியாகப் பள்ளம் தெரிந்தது. ஜேசிபி நின்றிருந்தது. பொன்னன் கடைசிச் சாக்கைக் கொட்டிவிட்டு, குழியோரம் குந்தி உட்கார்ந்து, கையில் சுற்றிய துணியைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தான். மண்பாதையின் தொடக்கத்தில் புழுதி எழுந்தது. வெள்ளைக் கார் ஒன்று மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தது.

“வந்துட்டாங்க” என்றார் கண்ணுசாமி. தம்பியின் தோளில் கையை வைத்தார். ஒரு விரல் குறைந்த கை. “சாமி, நீயும் நானும் ஒரே மாதிரி சொல்லோணும். பிளக்கப் புடுங்குனது பொன்னன். சரியா?”

மாதேஷ் அண்ணனைப் பார்த்தான். ஜோதி மாதேஷைப் பார்த்தாள். அவன் உதடு பிரிவதையும், நாக்கு அந்தச் சொல்லுக்காகப் பல்லுக்குப் பின்னால் போய் நிற்பதையும் பார்த்தாள். எத்தனையோ முறை பார்த்த உதடு. என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். முடியாது என்றால் என்ன போகும் என்பதும் தெரியும். ஷெட் போகும், ஒருவேளை இந்தக் களமும் போகும்.

அவள் எழுந்து வந்து இருவருக்கும் முன்னால் நின்றாள்.

“ஏனுங்க” என்றாள். “கல்யாணமானதுலருந்து உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். மாமா இருக்கறப்பவே கேக்கறேன், தப்பா நெனச்சாலும் பரவாயில்ல. உங்க அண்ணனுக்கு ஒரே ஒருக்கா முடியாதுன்னு சொல்லுங்க.”